மூட்டைக்குள் என்ன இருக்கிறது

மருந்துக்கடை அக்கா என்றால் அந்தப் பேருந்து நிறுத்தத்தைச் சுற்றியுள்ள நாலு தெருவுக்கும் தெரியும். கறாரான பேர்வழி. மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி சந்தேகமாக இருந்தாலும் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்காமல் மாத்திரை அட்டையைத் தொடமாட்டாள். வரிசையில் பத்துப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாலும் சரி, குழந்தைக்கு சிரப் வாங்க வந்தவர்களுக்கு ஒரு குட்டிப் பிரசங்கம் வைக்காமல் அனுப்பமாட்டாள்.

"மூடியை 'க்ளிக்'னு சத்தம் கேக்கற வரைக்கும் திருகுங்க. பசங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க. முக்கியமா, கிண்ணம் நிறைய இருக்கற சாப்பாட்டுல மருந்தைக் கலக்காதீங்க. பாதியில வெச்சுட்டான்னா எவ்வளவு உள்ள போச்சுன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்."

இந்தப் பிரசங்கத்தை அவளோடு சேர்ந்தே ஒப்பிக்கிற வாடிக்கையாளர்கள்கூட உண்டு.

அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் வேறு ஆளாகிவிடுவாள். சமையலறைக்குள் அவள் ஒரு கள்ளி. வேறு வார்த்தை தேடிப் பார்த்தாயிற்று, கிடைக்கவில்லை.

காரணம், துரை. வயது இரண்டரை. அவளுடைய இளைய பிள்ளை. அவனுக்குத் துரை என்று வீட்டில் பெயர் விழுந்தது சும்மா இல்லை. துரை காய்கறி உண்ண மாட்டார். தட்டில் பச்சையாகவோ சிவப்பாகவோ ஏதாவது தலைகாட்டினால் தட்டு பறக்கும். கெஞ்சினாலும் கொஞ்சினாலும் கதை சொன்னாலும் துரை வாயை மூடிக்கொண்டால் மூடிக்கொண்டதுதான். அதைத் திறக்கப் பூட்டுக்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

அவளுக்கு வழி காட்டியது ஒரு சோயா சாஸ் பாட்டில். அதன் முதுகில் பொடி எழுத்தில் நாலு வரி சமையல் குறிப்பு அச்சிட்டிருந்தார்கள். நூடுல்ஸை வேகவை, இஞ்சி பூண்டை வதக்கு, முட்டையை உடைத்து ஊற்று, சாஸ் விட்டுக் கிளறு. பத்து நிமிட வேலை. நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிறவளுக்கு அதுவே பெரிய உபகாரம். செய்து பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அந்தப் பழுப்பு நிறத்துக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவிடலாம். கேரட்டை அரைத்து விட்டால் கேரட் இருந்த சுவடே தெரியாது. கீரை போன இடம் கீரைக்கே தெரியாது. அன்றிலிருந்து அந்த வீட்டில் நூடுல்ஸ், முட்டை போட்டு வறுத்த சோறு, இஞ்சி தட்டிப் போட்ட அரிசிக் கஞ்சி, ஆவியில் வெந்த மோமோ என்று மாறி மாறி ஓடியது. மோமோவுக்கு அந்த வீட்டில் பெயர் 'மூட்டை'. மாவு வட்டத்துக்குள் காயை வைத்து வாயைச் சுருக்கிக் கட்டுவதால் மூட்டை.

"இதுல கேரட் இருக்கா?" என்று துரை விசாரிப்பார்.

"கேரட்டா? இதுலயா? சத்தியமா இல்லடா தங்கம்!"

இதைச் சொல்வதற்கென்றே அவளிடம் ஒரு குரல் இருந்தது. மேலே ஏறி, கடைசியில் தேன் தடவிக்கொண்டு இறங்கும். கடையில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் மூத்தவள் அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். முக்காலி போட்டு ஏறி, மிக்ஸிக்குள் எட்டிப் பார்த்து, "அம்மா, அது கேரட்தானே?" என்றாள். ஆறு வயது. தம்பி பிறந்த நாளிலிருந்து வேலை பறிபோன ஆள் மாதிரி வீட்டுக்குள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவள்.

"உஷ்! இது ராஜாங்க ரகசியம்," என்றாள் அம்மா. "இன்னிலேர்ந்து நீதான் எனக்கு மந்திரி. யார் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது."

"அப்பா கேட்டா?"

"அப்பா கேட்டாலும்."

"நீ கேட்டா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் கேட்டாலும் சொல்லாதே. அதுதான் நல்ல மந்திரிக்கு அழகு."

சிரித்துக்கொண்டு சொன்ன பேச்சு. மந்திரி சிரிக்கவில்லை. உதட்டில் சாவி போட்டுத் திருகுவது போல் விரலைத் திருகிக் காட்டினாள். அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் நடையே மாறிவிட்டது. அம்மா கேரட் துருவினால் வாசலில் காவல் நிற்பாள். துரை சந்தேகப்பட்டுத் தட்டைக் கிளறினால், "துரை, அங்க பாரு, ஜன்னல்ல புறா!" என்று திசை திருப்புவாள். லிஃப்ட் பழுது பார்க்கிற அவள் அப்பா, வேலை முடிந்து கிரீஸ் கையோடு வந்து, "இன்னைக்கு என்ன உள்ள போட்டீங்க?" என்று கேட்டால், உதட்டைத் திருகிக் காட்டிவிட்டுப் போய்விடுவாள். அம்மாவும் பெண்ணும் கண்ணடித்துக்கொள்வார்கள். அந்தக் கண்ணடிப்புக்காக அந்தக் குழந்தை எதையும் செய்திருக்கும்.

அந்த மந்திரிக்கே தெரியாத ரகசியம் ஒன்றும் அந்த ராஜாங்கத்தில் இருந்தது. மந்திரிக்குக் காளான் ஆகாது. "காது மாதிரி வழவழன்னு இருக்கு" என்று துப்பிவிடுவாள். அம்மா என்ன செய்வாள் என்றால், காளானைத் தூள் தூளாக நறுக்கி, சாஸில் வதக்கி, மந்திரி தின்கிற மூட்டைகளுக்குள்ளும் வைத்துக் கட்டிவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து, "துரைக்குத் தெரியாம கேரட் வெச்சாச்சு!" என்று மந்திரி கிசுகிசுக்கும்போது, அவளும் கிசுகிசுப்பாகவே பதில் சொல்வாள். கூச்சமெல்லாம் வந்ததில்லை. உள்ளே சத்து போனால் சரி என்று இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை துரைக்குக் காய்ச்சல் கண்டது. குழந்தைக் காப்பகத்தில் நாலு பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இருந்ததாம். டாக்டர் பார்த்துவிட்டு, சாதாரணக் காய்ச்சல்தான், சிரப் கொடுங்கள், ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள் என்றார். அதெல்லாம் அவளுக்குச் சொல்ல வேண்டுமா? ஆனால் சிரப்பைத் துரை உள்ளே விட வேண்டுமே! முதல் தடவை வாயையே திறக்கவில்லை. இரண்டாம் தடவை அளவு மூடியையே கடித்தார். மூன்றாம் தடவை அவளுக்குப் பொறுமை போய்விட்டது. கஞ்சியில் இரண்டு சொட்டு சோயா சாஸ் விட்டு, சிரப்பையும் விட்டுக் கலக்கிவிட்டாள். மந்திரி ஜன்னலில் புறாவைக் காட்டினாள். துரை மடமடவென்று குடித்தார். செவ்வாய் மாலை ஒரு வேளை, புதன் காலை ஒரு வேளை, மதியம் இரண்டு மணிக்கு ஒரு வேளை, எல்லாம் அப்படித்தான் போயிற்று.

கடையில் யாராவது இப்படிச் செய்ததாகச் சொல்லியிருந்தால் அவர்களை ஒரு வழி பண்ணியிருப்பாள்.

புதன்கிழமை அவளுக்கு விடுப்பு. சாயங்காலம் ஐந்தரை இருக்கும். சாப்பாட்டு மேசையில் மாவைத் தேய்த்து வட்டம் வட்டமாக வெட்டி, அம்மாவும் மந்திரியும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். சீருடையை மாற்று என்று மூன்று முறை சொல்லியும் மந்திரி பள்ளிக் காலுறையோடுதான் உட்கார்ந்திருந்தாள். துரை உயர நாற்காலியில், முன்னால் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. உடம்பு கணகணவென்றிருந்த கோபத்தில் சிணுங்கிக்கொண்டே இருந்தார்.

கடையிலிருந்து போன் வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண். "அக்கா, ஒரு பெரியவர் ரெண்டு டாக்டர்கிட்ட ரெண்டு சீட்டு வாங்கிட்டு வந்திருக்கார். ரெண்டு மருந்தையும் கொடுத்துடலாமா?"

பெயர்களைக் கேட்டதுமே அவளுக்குப் பொறி தட்டியது. இரண்டும் ஒரே மருந்து, பெயர்தான் வேறு. துரையின் சிணுங்கலில் பேச முடியாமல் எழுந்தாள். "மந்திரி, தம்பியைப் பாத்துக்கோ. கஞ்சியைக் குடிக்க வை," என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கொடுத்துடாதே!" என்று அங்கே நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரே மருந்து ரெண்டு தடவை உள்ள போயிடும். ரெண்டு டாக்டருக்கும் போன் பண்ணு. அவரை உக்கார வை. அவர் எத்தனை சாப்பிட்டிருக்கார்னு கேளு. எத்தனைங்கறதுதான் முக்கியம்."

பத்து நிமிடம் பேசினாள். நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவோடு உள்ளே வந்தாள். கிண்ணம் காலி. துரை விரலைச் சப்பிக்கொண்டு சமாதானமாக இருந்தார்.

"முழுசும் குடிச்சுட்டார்," என்றாள் மந்திரி.

"என் மந்திரின்னா மந்திரிதான்!" என்று மாவுக் கையோடு கன்னத்தைக் கிள்ளினாள். மந்திரி சிரித்தாள். வழக்கமான சிரிப்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். ஒரு காலில் காலுறை இல்லை. இரண்டையும் அம்மா பார்த்தாள். பார்த்தும் கேட்கவில்லை.

ஆறேகாலுக்குப் பாத்திரம் கழுவப் போனவள், சாஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற சிரப் பாட்டிலை எடுத்தாள். கையில் பிசுக்கென்று ஒட்டியது. மூடி கோணலாக உட்கார்ந்திருந்தது. தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

அறுபது மில்லி பாட்டில். செவ்வாய் மாலை உடைத்தது. மூன்று வேளை, வேளைக்கு ஐந்து. நாற்பத்தைந்து இருக்க வேண்டும். பதினைந்துதான் இருந்தது. முப்பது மில்லியைக் காணோம்.

மதியம் துரை அழுத அழுகையில் மூடியை அப்படியே வைத்தது நினைவுக்கு வந்தது. 'க்ளிக்' சத்தம் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அதுவும் சமையல் மேடையில், முக்காலி போட்டால் எட்டுகிற இடத்தில்!

துரையின் எடையையும் மருந்தின் வீரியத்தையும் மனம் தன்னாலேயே கணக்குப் போட்டது. ஒரு வேளை மருந்து அதிகப்படியாகப் போயிருந்தால் பெரிய ஆபத்து இல்லை. முப்பதும் போயிருந்தால், நேற்றிலிருந்து போனதோடு சேர்த்து, ஈரலைப் பதம் பார்த்துவிடும். நடுவில் எந்த இடம் என்பது ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

கணவருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருப்பார். மருத்துவமனையின் அவசர எண்ணுக்குப் போட்டாள். பேசிய பெண் டாக்டர் நிதானமாகக் கேட்டார்: "எவ்வளவு குடிச்சிருப்பான்?"

"தெரியல."

"தோராயமா?"

"தெரியல டாக்டர்." தினமும் ஐம்பது பேரிடம் அவள் கேட்கிற கேள்வி அது. தெரியவில்லை என்று சொல்கிறவர்களை அவள் பார்க்கிற பார்வை அவளுக்கே நினைவு வந்து சுட்டது.

"உடனே கிளம்பி வாங்க. வர்றதுக்குள்ள பெரிய பொண்ணைக் கேட்டுப் பாருங்க. ஒரு மூடியா, அரை பாட்டிலான்னு தெரிஞ்சா எங்களுக்கு உதவியா இருக்கும். தெரியலன்னா ஊசி குத்தி ரத்தம் எடுத்து, மணிக்கணக்கா வெச்சிருந்து பாக்கணும்."

டாக்சி வர ஒன்பது நிமிடம் என்று போன் காட்டியது.

மந்திரி மேசையடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அம்மா பாட்டிலை நீட்டினாள். "இதைத் தம்பி கஞ்சில ஊத்தினியா?"

"இல்ல."

"பொய் சொல்லாதே. பாதி பாட்டில் எங்க போச்சு?"

"தெரியாது."

"சொல்லுடீ! தம்பிக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்ணுவே?" என்று போட்ட சத்தத்தில் துரை பயந்து அழ ஆரம்பித்தார். மந்திரியின் முகம் அப்படியே இறுகிக்கொண்டது. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். அப்பா கேட்கும்போது வைத்துக்கொள்கிற முகம். விரல் மெல்ல உதட்டுக்குப் போய் ஒரு திருகு திருகியது.

அம்மா அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "கண்ணு, இது ரகசியம் இல்லம்மா. அம்மாகிட்ட சொல்லலாம்."

"நீ கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீதான் சொன்னே."

"அது விளையாட்டுக்குச் சொன்னது. இப்ப சொல்லு. அம்மா திட்டவே மாட்டேன். சத்தியமா திட்டமாட்டேன் தங்கம்."

மந்திரி அவளை உற்றுப் பார்த்தாள். "துரைகிட்ட பேசற குரல்ல பேசறே," என்றாள்.

உண்மைதான். மேலே ஏறி, தேன் தடவி இறங்கிய அதே குரல். இந்தக் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எத்தனை நாள் அதே குரலில் சத்தியம் செய்திருக்கிறாள்! அந்தக் குரலுக்கு என்ன மதிப்பு என்று இந்த வீட்டில் எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவள் மந்திரிதான். அவளே சேர்த்துக்கொண்ட கூட்டாளி.

டாக்சி ஆறு நிமிடத் தொலைவில் இருந்தது. அவளிடம் கொடுப்பதற்கு ஒரே ஒரு உண்மைதான் மிச்சம் இருந்தது. அதைச் சொன்னால் என்ன போகும் என்றும் அவளுக்குத் தெரிந்தது.

"உன்னோட மூட்டைல காளான் இருக்கு," என்றாள். கடையில் பேசுகிற குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள். "முதல்லேர்ந்தே இருக்கு. பொடியா நறுக்கி வெச்சுடுவேன். உனக்குத் தெரியாது."

மந்திரி எழுந்தாள். மேசையில் வரிசையாக அடுக்கியிருந்த மூட்டைகளில் தன்னுடைய தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, வாயைப் பிரித்தாள். பழுப்பு முட்டைகோஸுக்கு நடுவே கறுப்புப் பொடி. விரலால் தொட்டு மோந்து பார்த்தாள்.

"எனக்குமா?" என்றாள்.

"ஆமா."

"நான் மந்திரிதானே?"

மந்திரி திட்டியிருந்தால்கூட அம்மா தாங்கியிருப்பாள். அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. குழந்தை அழவில்லை. பிரித்த மூட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒரு மூடிதான் ஊத்தினேன். நீ ஊத்தற கோடு வரைக்கும். துரை உடம்பு சுட்டுச்சு. நீ போன்ல இருந்தே. அப்புறம் பாட்டில் கீழ விழுந்துடுச்சு. நிறைய கொட்டிடுச்சு. சாக்ஸால தொடச்சேன்."

"சாக்ஸ் எங்க?"

"டிஃபன் டப்பால."

பள்ளிப் பையைத் திறந்து, டப்பாவைத் திறந்தாள். மூடிய டப்பாவுக்குள் வெள்ளைக் காலுறை இளஞ்சிவப்பாக ஊறி, இனிப்பு வாடை குப்பென்று அடித்தது. அடியில் கொஞ்சம் தேங்கியும் இருந்தது. தினமும் அவளே கழுவுகிற டப்பாவில்தான் குழந்தை ஒளித்திருந்தது. எவ்வளவு நேரம் ஒளிந்திருக்கும் அது?

ஒரு மூடி. நம்பலாமா? மனம் நம்பச் சொன்னது. பதினோரு வருடம் மருந்துக்கடையில் நின்ற கை சும்மா இருக்கவில்லை. மாவு நிறுக்கிற தராசை இழுத்தாள். மந்திரியின் காலில் மிச்சமிருந்த காலுறையை, "கழட்டிக் கொடு," என்று வாங்கி வைத்தாள். பதினெட்டு கிராம். எடுத்துவிட்டு ஊறினதை வைத்தாள். நாற்பத்தைந்து. இருபத்தேழு கிராம் வித்தியாசம். சிரப் தண்ணீரைவிடக் கனம், ஆகவே இருபத்துமூன்று மில்லி. டப்பாவில் தேங்கியதும் தரையில் பிசுபிசுப்பதும் சேர்த்து இன்னொரு இரண்டு. காணாமல் போனது முப்பது. மிச்சம் ஐந்து. ஒரு மூடி.

மூச்சு வந்தது. தலையை நிமிர்த்தினால், வெறுங்காலோடு மந்திரி தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் சொன்னேனே, ஒரு மூடின்னு."

சொன்னாள்தான். உண்மையைச் சொன்னாள். அம்மா அதை எடை போட்டுப் பார்த்தாள். தம்பி உயிர் விஷயம், அப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஆயிரம் நியாயம் இருக்கலாம். ஆறு வயதுக்கு அதை எந்த வார்த்தையில் சொல்வது? கீழே டாக்சி ஒலி எழுப்பியது.

மருத்துவமனையில் அதிக நேரம் ஆகவில்லை. போனில் பேசிய டாக்டர்தான் இருந்தார். சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். காலுறைக் கணக்கைக் கேட்டுப் புருவத்தைத் தூக்கினார். துரையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். துரை அவருடைய ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கப் பார்த்தார்.

"ஒரு வேளை மருந்து ரெண்டரை மணி நேரம் முன்னாடியே போயிடுச்சு, அவ்வளவுதான். ரத்தம் எடுக்க வேண்டாம். காலைல வரைக்கும் மருந்து கொடுக்காதீங்க. வாந்தி, அதிகத் தூக்கம்னு ஏதாவது இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க," என்றார். எழுதிக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டார்: "சாப்பாட்டுல மருந்தைக் கலக்கக் கூடாதுன்னு மருந்துக்கடைல யாரும் சொல்லலையா உங்களுக்கு?"

"சொல்லல," என்றாள்.

வாய் தானாகச் சொன்னது. மடியில் துரை, பக்கத்தில் மந்திரி. அந்தப் பிரசங்கத்தை மந்திரி கடையில் உட்கார்ந்து நூறு தடவை கேட்டவள். அவள் எதுவும் சொல்லிவிடுவாளோ என்று பயந்து திரும்பிப் பார்த்தாள். மந்திரி டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு இறுக்கமாக மூடியிருந்தது. விரல் உதட்டோரம் போய், பூட்டுவதற்குத் தயாராக நின்றது. காளானுக்குப் பிறகும், தராசுக்குப் பிறகும், அம்மாவின் பொய்யைக் காப்பாற்ற நின்றது.

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த விரலைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இல்ல டாக்டர். நான் சொன்னது பொய். சொல்றதே நான்தான். அந்தக் கடைல மருந்து கொடுக்கறவளே நான்தான். தினமும் எல்லாருக்கும் சொல்றேன்."

டாக்டர் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு, "சரி," என்று மட்டும் சொல்லிவிட்டு மீதியை எழுதினார். அந்த 'சரி'யை அவள் வெகுநாள் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் ரொம்ப நேரம் கிரீஸ் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். "பாட்டிலை அலமாரி மேல வெச்சுட்டேன். 'க்ளிக்' கேட்டுச்சு," என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலத்துக்குள் துரைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. நேற்றுக் கட்டிய மூட்டைகள் குளிர்பெட்டியில் இருந்தன. காளான் வைத்ததைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மந்திரிக்கென்று புதிதாக எட்டு மூட்டை கட்டினாள். முட்டைகோஸ், வெங்காயத்தாள், இஞ்சி, கொஞ்சம் முட்டை. ஆவியில் வைத்து எடுத்து, சூடாகத் தட்டில் அடுக்கினாள்.

"இதுல காளான் இல்ல," என்றாள். கடைக் குரலில்தான் சொன்னாள்.

குழந்தை கரண்டியின் முனையால் முதல் மூட்டையைப் பிரித்தாள். குனிந்து பார்த்தாள். ஓரத்தில் வைத்தாள். இரண்டாவதைப் பிரித்தாள். எட்டையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் முதலாவதை வாயில் போட்டாள். அதற்குள் எல்லாம் ஆறிப்போயிருந்தது. அவள் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, குழந்தை கையை நீட்டித் தம்பியின் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அவனுடைய மூட்டை ஒன்றையும் பிரித்தாள்.

"துரை, இதுல கேரட் இருக்கு. வேணுமா?"

துரை குனிந்து பார்த்தார். "வேணாம்," என்றார்.

"வேணாமாம்," என்றாள் குழந்தை, அம்மாவிடம்.

"சரி, அம்மா எடுத்துடறேன். நீ சாப்பிடு மந்திரி, ஆறிப் போச்சு பாரு."

"என்னை அப்படிக் கூப்பிடாதே," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சரி," என்றாள் அம்மா.

துரையின் தட்டைத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். மூட்டை மூட்டையாகப் பிரித்து, கரண்டி நுனியால் கேரட்டைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவ்வளவு பொடியாக நறுக்கியது அவள்தான். எல்லாவற்றையும் எடுத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.